அஞ்சாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் நடுவுல

எங்க தெருவுல பதினோரு வீடு, பதினோரு வீட்டுக்கு நடுவுல பத்துச் சந்து, அந்தப் பத்துச் சந்தும் மனை பிரிச்ச காலத்துல அஞ்சடி அஞ்சடின்னு கல்லு நட்டு விட்டது. அந்தக் கல்லு எல்லாம் இன்னும் இருக்குது, ஆனா எந்தக் கல்லு எந்தச் சந்துக்குன்னு இப்ப ஆராலயும் சொல்ல முடியாது. சந்துங்க மொதல்ல அசைஞ்சது ஒரு புதங்கெழமை காலையில, ஒம்பது மணி வாக்குல. எங்க நகர் சங்கத்துச் செயலாளர் தண்டபாணி, சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஒண்ணாம் நம்பர் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, சங்கத்துக்குன்னு புதுசா செஞ்ச வெப்பேஜை மொத தடவையா அவரு போன்ல தொறந்தாரு. தொறந்ததும், ஒரு மொடக்கு டீ முழுங்கற நேரத்துல, சத்தமே இல்லாம, ஒண்ணாம் வீட்டைத் தவிர பாக்கிப் பத்து வீடும் மேக்கால நகந்து, அஞ்சடிச் சந்து ஒவ்வொண்ணும் மூணேகால் அடி ஆகி நின்னுச்சு. அஞ்சாம் வீட்டு லோகாம்பா டீச்சரு சந்துக்குக் குறுக்கால கட்டியிருந்த கொடிக்கயிறு தொய்ஞ்சு, காயப்போட்ட சேலை மண்ணுல பட்டுச்சு. டீச்சரு வெளிய வந்து பாத்தாங்க, சேலைய எடுத்து மறுபடி அலசி மொட்டமாடியில போட்டாங்க. அன்னைக்கு நடந்தது அவ்வளவுதான்.

அந்த பேஜை எழுதுனது நான். என் பேரு கனகராசு, பதினொண்ணாம் நம்பர் வீடு, அதாவது கடைசி வீடு. பகல்ல மில்லுல மேஸ்திரி வேலை, பொழுதோட ஆறரைக்கு மேல காலேஜுன்னு நாலு வருஷம் படிச்சவன். அங்க வகுப்புல பாதிப்பேரு தூங்குவோம், சில நாளு வாத்தியாரே தூங்கீருவாரு, ஆனாலும் படிச்சது படிச்சதுதான். சங்கத்துல கேட்டது சின்ன வேலை. பதினோரு வீடும் தெருவுல இருக்கறாப்புலயே வரிசையா, வீட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள வீட்டுப் படமும் வீட்டுக்காரங்க பேரும், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல கொஞ்சம் எடைவெளி. போன் குறுகல், கம்ப்யூட்டர் அகலம், டிவி அதவிட அகலம், எல்லாத்துலயும் ஒரே பேஜ் பாக்க நல்லாருக்கோணும்னா, அந்த எடைவெளிய இத்தனை அங்குலம்னு எழுதக்கூடாது, திரை அகலத்துல நூத்துக்கு இத்தனைன்னு எழுதோணும். அப்ப திரை பெருசானா எடைவெளி தன்னால விரியும், சிறுசானா தன்னால ஒடுங்கும். அதோட, எவ்வளவு ஒடுங்குனாலும் இதுக்குக் கீழ போகாதேன்னு ஒரு கொறஞ்சபட்சமும் எழுதி வெக்கோணும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம நடந்த தப்பு இல்ல இது.

பேஜை எழுதறதுக்கு முந்தி சங்கத்துல கூட்டம் போட்டாங்க. ஆறாம் வீட்டு பேக்கரி செல்லமுத்துதான் ஆரம்பிச்சாரு.

"ஏந்தம்பி, போன்ல பாத்தா வீடுங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வருமாமா."

"ஆமாங்ண்ணா. போன் குறுகலுங்க. எல்லா பேஜும் அப்படித்தான் மடங்கி நிக்கும்."

"அப்ப தண்டபாணி சாரு மேல, நான் கீழ."

"படத்துலதானுங்க."

"படத்துலயும் கீழதான தம்பி."

லோகாம்பா டீச்சரு எந்திரிச்சு, "நான் அஞ்சு, செல்லமுத்து ஆறு. அவருக்கு மேல நான் இருந்தா நாளைக்கு அவரு சம்சாரம் மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா"ன்னாங்க. ஏழாம் வீட்டுக்காரரு, எட்டாம் வீட்டுக்காரரு, எல்லாருக்கும் அதே கவலை. பதினேழு வருஷமா ஒரே மட்டத்துல அஸ்திவாரம் போட்டு, ஒருத்தரு படி ஒரு கல்லு ஒசந்தாக்கூட இன்னொருத்தரு மறுநாளே கொத்தனாரைக் கூட்டியாந்து தன் படிய ஒசத்துன தெரு எங்குளுது. கடைசியில தீர்மானம் போட்டாங்க: எந்தத் திரையில பாத்தாலும் பதினோரு வீடும் ஒரே வரிசை, ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரு கிடையாது.

"அப்படீன்னா சந்துக்குக் கொறஞ்சபட்சம் எழுத முடியாதுங்க"ன்னேன். "எழுதுனா, குறுகலான திரையில எடம் பத்தாம கடைசி வீடு கீழ்வரிசைக்கு எறங்கீரும்."

"சந்துதான, ஒடுங்கட்டும். அங்க ஆரு குடியிருக்கறாங்க"ன்னாரு செல்லமுத்து. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். வீட்டுக் கட்டத்துக்கு மட்டும், பேரு படிக்கற அளவுக்கு ஒரு கொறஞ்சபட்சம் எழுதுனேன். சந்துக்கு எழுதல.

புதங்கெழமைக்கு அப்புறம் ஒரு வாரத்துல தெருவுக்குப் பழகிப்போச்சு. கடைசியா ஆரு எதுல தொறந்து பாத்தாங்களோ அந்தத் திரைக்குத் தக்கன சந்து நிக்கும், அடுத்தவங்க அடுத்த திரையில பாக்கற வரைக்கும் அப்படியே நிக்கும். வீடுங்க கல்லும் சிமெண்டும் போட்டுக் கட்டுனது, அதனால அதுங்க ஒடுங்கல, நடுவுல இருந்தது மட்டும் ஒடுங்குச்சு. தண்டபாணி சாரு சர்வேயர் டேப்பை எடுத்தாந்து ஒவ்வொரு திரைக்கும் சந்தை அளந்து நோட்டுல குறிச்சாரு: போன், மூணேகால் அடி, டீச்சரு மருமக வெச்சிருக்கற பலகை மாதிரிப் போன், ஆறரை அடி, என் கம்ப்யூட்டர், பதினாறு அடி, அவரு வீட்டு டிவி, முப்பத்திரெண்டு அடி. வெள்ளிக்கெழமை காலையில பத்து மணிக்கு டிவியில பாக்கறதுன்னு வழக்கமாச்சு. அன்னைக்கு சந்துங்க மைதானம் மாதிரி விரிஞ்சிரும், மொளகா காயப்போடறவங்க போடுவாங்க, காரு கழுவறவங்க கழுவுவாங்க, எட்டாம் வீட்டுப் பொண்ணு வயசுக்கு வந்த சீருக்கு ஷாமியானா போட்டு எரநூறு பேருக்கு சந்துலயே பந்தி நடந்துச்சு. சித்திரை வெயிலுக்கு மத்தியானம் போன்ல பாத்து சந்தை ஒடுக்கி நெழல் பண்ணிக்கிட்டாங்க. மூணேகால் அடிக்கு ஜன்னலும் ஜன்னலும் கிட்ட வந்ததுல, ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாத டீச்சரும் செல்லமுத்து சம்சாரமும் ரசத்தை எட்டிக் குடுத்து எட்டி வாங்கிச் சிநேகம் ஆனாங்க, அப்புறம் அதே ஜன்னல் வழியா வந்த கருவாட்டு வாசத்துல மறுபடி பகையானாங்க. கரண்டு ஆபீஸ்ல இருந்து லைன்மேன் வந்து, கம்பி ஒரு நேரம் இழுத்துக்கிட்டும் ஒரு நேரம் தொங்கிக்கிட்டும் இருக்கறதைப் பாத்துட்டு, கம்பத்துக்குக் கம்பம் ரெண்டு சுத்து மிச்சமா விட்டுக் கட்டிட்டு, ஒண்ணும் கேக்காமப் போயிட்டாரு. விசேஷத்துக்கு வர்ற ஒறம்பரைங்க வழி தேடறேன்னு பேஜைத் தொறந்தா தெருவே நகருதுன்னு, கல்யாணப் பத்திரிகையிலயே 'வெப்பேஜைப் பாக்காமல் வரவும்'னு அச்சடிச்சாங்க.

நகர்றதுல அதிகம் நகர்றது என் வீடுதான். ஒண்ணாம் வீடு அசையாது, ரெண்டாம் வீடு ஒரு சந்து தூரம் போகும், பதினொண்ணாம் வீடு பத்துச் சந்து தூரம் போகும். மில்லு விட்டு வரும்போது டீக்கடையில கேட்டுட்டுத்தான் திரும்புவேன். "இன்னைக்குப் பொறம்போக்குல நிக்குதுங்க மேஸ்திரி, ஆரோ டிவில பாத்திருப்பாங்க"ன்னு சொல்லுவாங்க. என் சம்சாரம் கோமளா ஒரு நாளும் இதைப் பத்திக் கொறை சொல்லல. அது அவ அப்பன் கட்டுன வீடு, எங்க நின்னாலும் அவ அப்பன் கட்டுன வீடுதான்னு சொல்லுவா.

பேஜை எடுத்தே போட்டரலாமேன்னு ஒரு தடவை பேச்சு வந்துச்சு. அதுக்கும் ஒரு நாள் பதில் கெடைச்சுது. எங்கியோ தூரத்துல அந்த பேஜை வெச்சிருக்கற மிஷின் கோளாறாகி, ஒரு திங்கக்கெழமை மத்தியானம் கா மணி நேரம் பேஜ் தொறக்கல. அந்தக் கா மணி நேரம் எங்க தெருவுல ஆருக்கும் ஞாபகம் இல்ல. கடியாரம் எல்லாம் பதினஞ்சு நிமிஷம் பின்னால நின்னுச்சு, அடுப்புல வெச்ச பாலு வெச்ச சூட்டுலயே இருந்துச்சு, மெயின் ரோட்டுல போன தண்ணி லாரிக்காரரு மட்டும், இங்க ஒரு தெரு இருக்குமேன்னு வண்டிய நிறுத்தி எறங்கிப் பாத்ததாச் சொன்னாரு. என்ன பாத்தீங்கன்னு கேட்டதுக்கு, "வெள்ளையா இருந்துச்சுங்க"ன்னாரு. அதுக்கப்புறம் பேஜை எடுக்கற பேச்சை ஆரும் எடுக்கல. நான் தீர்மானம் இல்லாம அதுல கை வெக்கக்கூடாதுன்னும் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

சந்துல ஆரும் குடியில்லேன்னு செல்லமுத்து சொன்னது சரியில்ல. அஞ்சாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் நடுவுல நாலு வருஷமா ராமாத்தா குடியிருந்துச்சு. மேல ஒரு தார்ப்பாய், முன்னால இஸ்திரி வண்டி, பின்னால ஒரு கயித்துக்கட்டிலு, கட்டில்ல அது புருஷன் மாரப்பன். செல்லமுத்து வீட்டு மேல்தளத்துக்கு சென்ட்ரிங் அடிச்சப்ப பலகையோட விழுந்து இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போனவன். விழுந்தது அந்தச் சந்துலதான், செல்லமுத்து மனசு எளகி அங்கியே படுத்துக்கச் சொல்லீட்டாரு. ஊர்ல எல்லாரும் அவரைப் பெருந்தன்மைன்னாங்க. பதினோரு வீட்டுத் துணியும் அந்தச் சந்துல போயித்தான் மடிப்பு வாங்கிட்டு வரும், ஆனா சந்து ஒடுங்குனா அதுங்க ரெண்டும் என்ன பண்ணும்னு எந்தக் கூட்டத்துலயும் பேச்சு வரல.

ராமாத்தா அதுவாப் பழகிக்குச்சு. கட்டிலு அகலம் ரெண்டரை அடி, போன்ல பாத்தா சந்து மூணேகால் அடி. மிச்சம் முக்கா அடியில ஒருக்களிச்சு நின்னு மாரப்பனுக்குக் கஞ்சி ஊத்தும். வெடியால டீச்சரு ஜன்னலைத் தட்டி, "அம்முணி, இன்னைக்கு ஆரு எதுல பாக்கறாங்க"ன்னு கேட்டுட்டுத்தான் வண்டிய எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணும். ஒரு நாளு கேக்காம விட்டு, செவுரு வந்து வண்டிய ரெண்டு பக்கமும் கவ்விக்கிச்சு. அன்னைக்கு முழுக்க துணி தேய்ப்பு இல்ல. மாரப்பன் மட்டும் சிரிச்சான்.

"செவுரு எங்கிட்ட வருதுங்க மேஸ்திரி. நான் பூசுன செவுருதான, பாசம்."

இப்படி இருக்கறப்பத்தான் தண்டபாணி சாருக்கு அறுபதாங்கல்யாணம் வந்துச்சு, வெளிநாட்டுல இருக்கற அவரு மக ஒரு கைக்கடியாரம் அனுப்பி வெச்சா. மணி காட்டும், நாடி பாக்கும், போன்ல பாக்கறது எல்லாம் அதுலயும் பாக்கலாம். திரை ஒரு தீப்பொட்டி அகலம் கூட இல்ல. சாரு அதைக் கட்டிக்கிட்டுத் தெரு பூரா ஒரு ரவுண்டு வந்தாரு. வர்ற ஞாயித்துக்கெழமை காலையில பதினோரு மணிக்கு சங்கத்து வருசக் கூட்டத்துல, எல்லாரு முன்னாலயும், பேஜை அந்தக் கடியாரத்துல தொறந்து பாக்கறதுன்னு நோட்டீஸ் ஒட்டுனாரு. அதுக்கப்புறம் கையிலயே இருக்கும், எப்ப வேண்ணாலும் பாத்துக்கலாம்னாரு.

நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒண்ணரை அடி.

நான் சொல்றதுக்கு முந்தியே ராமாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வியாழக்கெழமை நான் மில்லுக்குப் போற வழியில வண்டிக்குப் பின்னால இருந்து கூப்புட்டுச்சு.

"தம்பி, அந்தக் கடியாரத்துல பாத்தா இங்க எத்தனை அடி நிக்கும்."

"ஒண்ணரை, அக்கா."

ராமாத்தா இஸ்திரிப் பொட்டியில கரியத் தள்ளி வெச்சுச்சு. "கட்டிலு ரெண்டரை."

"அன்னைக்கு ஒரு நாளைக்கு மாரப்பண்ணனைத் தூக்கி எங்க வீட்டுல போட்டுக்கலாம்."

"அன்னைக்கு ஒரு நாளைக்கா. அவரு கையில கட்டிக்கிட்டு மணிக்கு நாலு தடவை பாக்கப் போறாரு. நான் துணி எடுக்க எட்டாம் வீட்டுக்குப் போயிருப்பேன், இந்த மனுசன் கட்டில்ல கெடப்பான். எந்திரிச்சு ஓடற காலா அது." அது சத்தம் போடல, துணி எண்ணற மாதிரித்தான் சொல்லுச்சு. "வேற எடம் போலாம்னா, நாலு வருஷமா ஒவ்வொரு தெருவா கேட்டாச்சு. சந்து இருக்கற தெருவுல எல்லாம் கம்பிக் கேட்டு போட்டுப் பூட்டி வெச்சிருக்கறாங்க. நீங்கதான எழுதுனீங்க. வீட்டுக்கெல்லாம் ஒரு அளவு எழுதுனீங்களாமா, டீச்சரம்மா சொன்னாங்க. எங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க."

நான் தண்டபாணி சாரு வீட்டுக்குப் போனேன். செல்லமுத்தும் அங்கதான் உக்காந்திருந்தாரு, மேசை மேல நேத்தைய முட்டபப்ஸ்.

"சார், சந்துக்கு ஒரு கொறஞ்சபட்சம் எழுதிக்கறேனுங்க. உள்ள ஆளு இருக்குது."

"எழுதுனா என்ன ஆகும்."

"கடைசி வீடு கீழ எறங்கும்."

"கீழன்னா."

எனக்கும் அது அப்பத்தான் முழுசாப் பட்டுச்சு. பேஜ்ல மேல்பக்கம் எங்க தெரு ரோடு. கீழ்ப்பக்கம் கொல்லை. கொல்லைக்குப் பின்னால பழைய கல்லு குவாரி, வெட்டி முடிச்சு விட்டுட்டுப் போன பள்ளம், எம்பதடி ஆழத்துக்குத் தண்ணி நிக்குது. "குவாரிக்குள்ளங்க"ன்னேன்.

"கடைசி வீடு உங்குளுதுதான தம்பி"ன்னாரு செல்லமுத்து.

"ஆமாங்ண்ணா."

"அப்புறம் எதுக்கு நீங்களே வந்து கேக்கறீங்க. ராமாத்தா நகந்துக்குவா. அவ எத்தனை தடவை நகந்திருக்கறா."

"தீர்மானம் தீர்மானம்தான்"ன்னாரு சாரு. கடியாரத்தைப் பாத்துட்டு, "நாடி எழுவத்திரெண்டு"ன்னாரு.

வீட்டுக்கு வந்து கோமளாகிட்டச் சொன்னேன். அவ மடிச்சுக்கிட்டிருந்த துணிய மடிச்சு முடிச்சா, எல்லாம் ராமாத்தா தேய்ச்ச துணி. வேற வழியே இல்லியான்னு கேட்டா. ஒரு வழி இருக்குதுன்னேன்: வரிசையத் தலைகீழாப் போடறதுக்கு ஒரே ஒரு சொல்லு இருக்குது, அதை எழுதுனா எங்குளுது மொதல்ல நிக்கும், தண்டபாணி சாருது கடைசிக்குப் போகும், எறங்கறது அவுரு வீடா இருக்கும்.

அவ சாரு வீட்டுப் பக்கம் பாத்தா. அவரு வீட்டுல பேரம் பேத்தி ஏழு பேரு லீவுக்கு வந்திருந்தாங்க.

"அந்தச் சொல்லு உங்களுக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கங்க"ன்னா. அப்புறம், "சனிக்கெழமை டெம்போ சொல்லுங்க. பீரோ கனம், ரெண்டு ஆளு பத்தாது"ன்னா.

சனிக்கெழமை சாமானை எல்லாம் எறக்கி, ஒம்பதாம் வீட்டுக்கும் பத்தாம் வீட்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல தார்ப்பாய் கட்டி அடுக்கினோம். தெருவுல ஆரும் ஏன்னு கேக்கல, வெள்ளையடிக்கறோம்னு நெனைச்சிருப்பாங்க. கோமளாவால அவ அப்பன் கை வெச்ச அச்சு ஒண்ணு சமையக்கட்டுத் தரையில சிமெண்டுல பதிஞ்சு கெடந்ததை மட்டும் எடுத்துட்டு வர முடியல. ஞாயித்துக்கெழமை காலையில எட்டு மணிக்கு நான் கம்ப்யூட்டரைத் தொறந்து, ஒரே ஒரு வரியில, சந்துக்குக் கொறஞ்சபட்சம் நாலடின்னு எழுதுனேன்.

கூட்டம் ரோட்டுலயே ஷாமியானா போட்டு நடந்துச்சு. பதினோரு வீட்டாளுங்களும் வெளிய. கேசரி குடுத்தாங்க. சாரு எந்திரிச்சு, சட்டைக் கைய மடிச்சு விட்டப்ப நானும் எந்திரிச்சேன்.

"சார், அதுல பாக்காதீங்க. நான் நாலடின்னு எழுதிட்டேன்."

செல்லமுத்து கேசரித் தட்டைக் கீழ வெச்சாரு.

"தீர்மானம் இல்லாம எப்படி எழுதுனீங்க"ன்னாரு சாரு.

"தப்புதானுங்க. எழுதிட்டேன்."

"சும்மா மெரட்டறாரு"ன்னாரு செல்லமுத்து. "ஆரு வேண்ணாலும் அவுங்க வீட்டைத் தூக்கிக் குவாரில போட்டுக்குவாங்களா. இருங்க, போன்ல பாத்தாத் தெரிஞ்சிருது." ஆரும் தடுக்கறதுக்கு முந்தி போனை எடுத்துத் தொறந்துட்டாரு.

வெள்ளிக்கெழமை டிவிக்கு விரிஞ்சு நின்ன சந்துங்க ஒண்ணொண்ணா ஒடுங்கி வந்துச்சு. பத்தடி, ஏழடி, அஞ்சடி, எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தோம், நாலடிக்கு வந்ததும், கதவுக்குக் கட்டை குடுத்தாப்புல நின்னுருச்சு. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல கட்டில்ல மாரப்பன் ரெண்டு கையயும் விரிச்சு, ரெண்டு செவுரையும் தொட்டுப் பாத்தான். அதே நேரம் எங்க வீடு, பத்தாம் வீட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க எடம் இல்லாம, அப்படியே முன்வாசல் எங்களைப் பாத்தாப்புலயே பின்னால போச்சு. கொல்லை வேலியத் தாண்டுச்சு. அதுக்கப்புறம் மொட்டமாடித் தண்ணித்தொட்டி மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் இல்ல. தண்ணி வாங்கிக்கிட்ட சத்தம் கூடக் கேக்கல. குவாரியில இருந்து கொக்கு நாலு கெளம்பிப் போச்சு.

கோமளா முந்தானையில கேசரிக் கைய தொடைச்சுக்கிட்டா.

பத்தாம் வீட்டுக்காரரு மொதல்ல வாயத் தொறந்தாரு. "போன்லயே ஒரு வீடுன்னா, அந்தக் கடியாரத்துல."

எல்லாரும் சாரைப் பாத்தாங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஊரை அளந்தவரு. ஒதடு மட்டும் அசைய அவரு கணக்குப் போட்டது தெரிஞ்சுது. போட்டு முடிச்சதும் அவரு மொகம் மாறுச்சு. "வரிசைக்கு நாலு"ன்னாரு. "மேல நாலு. கீழ நாலு. அதுக்கும் கீழ மூணு." சொல்லீட்டு, மடிச்சு விட்ட சட்டைக் கைய எறக்கி, கடியாரத்துக்கு மேல பொத்தானைப் போட்டுக்கிட்டாரு. லோகாம்பா டீச்சரு விரல் விட்டு எண்ணி, அஞ்சாம் நம்பர் எந்த வரிசையில வரும்னு பாத்துட்டு உக்காந்துட்டாங்க.

என்னை அந்த வரிய அழிக்கச் சொல்லுவாங்கன்னு நெனைச்சேன். சொன்னாங்க. பாஸ்வேர்டை மாத்திட்டேன், மாத்துனது என்னன்னு மறந்துட்டேன்னேன். அது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்கிட்ட இழுத்துப் பிடிக்கறதுக்கு இனி வீடு இல்ல. வீடு இல்லாதவன்கிட்டப் பேசறது அவுங்களுக்கு இன்னும் பழக்கம் ஆகல, அதனால கூட்டம் அத்தோட முடிஞ்சுது.

அன்னையில இருந்து கடியாரம் சாரு வீட்டு பீரோவுல பூட்டிக் கெடக்குது. பீரோ சாவி அவரு அரணாக்கயித்துல. அது எந்த பீரோ, எந்தத் தட்டுன்னு தெருவுல சின்னப் புள்ளைங்களுக்குக் கூடத் தெரியும். சாரு கோயிலுக்குப் போனா ஏழாம் வீட்டுக்காரரும் கூடவே போறாரு. சாரு பேரம் பேத்திக்கு செல்லமுத்து பேக்கரியில இருந்து எந்நேரமும் கேக்கு வருது. ராத்திரி தூங்கறதுக்கு முந்தி ஜன்னல் வழியா, "அம்முணி, ஆராவது எதாவது பாக்கறாங்களா"ன்னு கேக்கற பழக்கம் இப்ப எல்லா வீட்டுலயும் வந்துருச்சு. ராமாத்தா மட்டும் கேக்கறதில்ல. வண்டிய ஒரே எடத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு குடுத்துருச்சு.

நாங்க ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கறோம். வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு டிவியில பாத்தா திரை அகலம் போதும், பதினோரு வீடும் வரிசையில நிக்கோணும், அதனால எங்க வீடு குவாரிக்குள்ள இருந்து மேல வந்து, கொல்லை வேலியத் தாண்டி, தண்ணி சொட்டச் சொட்ட அது எடத்துல நிக்கும். எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்ல முடியாது. சில வெள்ளிக்கெழமை பொழுதுசாயற வரைக்கும், சில வெள்ளிக்கெழமை அரை மணி. ஆரோ ஒருத்தரு எங்கியோ இருந்து போன்ல தொறந்துட்டாப் போச்சு. தெருவுல எல்லாரும் அதுக்கும் பழகிட்டாங்க. "மேஸ்திரி வீடு வந்துருச்சு"ன்னு மொளகா காயப்போட்டுக்கிட்டே சொல்லுவாங்க.

போன வெள்ளிக்கெழமை வீடு வந்ததும் கோமளா சீமாறும் வாளியும் எடுத்துக்கிட்டு உள்ள போனா. வேண்டாம்னு நான் சொல்றது ஒவ்வொரு வாரமும் சொல்றதுதான், அவ போறது ஒவ்வொரு வாரமும் போறதுதான், அதனால நானும் பின்னால போனேன். தரை பூரா பாசி. ஷெல்ஃபுல ரெண்டு கெண்டைக்குஞ்சு துடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, எடுத்து வாளியில விட்டேன். சமையக்கட்டுல அவ மண்டிபோட்டு உக்காந்து, சிமெண்டுல பதிஞ்ச அவ அப்பன் கையச் சுத்தி மட்டும் வெரலால சேத்தை வழிச்சா.

"ஏனுங்க."

"ம்."

"மூணேகால்னு எழுதியிருந்தா. போன்ல பாத்தா எப்பவும் நின்ன அளவுதான அது."

"ஆமா."

"நம்ம வீடு நின்னிருக்கும்."

"போனுக்கு நின்னிருக்கும். கடியாரத்துக்கு மட்டும்தான் எறங்கியிருக்கும்."

அவ நிமுந்து பாத்தா. கோவம் இல்ல, தெரிஞ்சுக்கோணும்னுதான் கேட்டா. "அப்புறம் ஏன் நாலு."

"கட்டிலு ரெண்டரை. பக்கத்துல ஒரு ஆளு நேரா உக்காந்து கஞ்சி குடுக்கோணும்னா ஒண்ணரை வேணும்."

அவ அதை மனசுக்குள்ள கூட்டிப் பாத்தா. அப்புறம் தலைய ஆட்டிட்டு, வாளித் தண்ணிய அந்தப் பக்கம் நகத்தச் சொன்னா. நான் வாளியத் தூக்கறப்ப ஜன்னல் வழியா ரோடு தெரிஞ்சுது. வெளியூரு வண்டி ஒண்ணு எங்க தெரு மொனையில வந்து நின்னுச்சு. உள்ள இருந்து ஒரு ஆளு எறங்கி, கல்யாணப் பத்திரிகையப் பாத்து, வீட்டு நம்பருங்களைப் பாத்து, வழி பிடிபடாம, சட்டைப் பையில இருந்து போனை எடுத்தாரு.